வால் முளைத்த கேசட்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீ, அத்தான், குட்டி மூன்று பேரும் எப்படி என்று எழுது. நாலாவதாகப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்றும் எழுது. போன கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் ஓட்டிப் பழகி, உனக்கும் ஓட்டப் பழக்கி, கிளம்புகிற அன்று காகிதத்தையெல்லாம் உன் பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்த கார் அது. நாலு சக்கரம் இருக்கிற ஒரே காரணத்துக்காக அவரை வீட்டு ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாயா?

பார்சலைப் பிரித்திருப்பாய். அந்தச் சின்னது பாட்டுப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கிவிடும், உள்ளே நூற்றுக்கணக்கில் பாட்டு. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன், உன் ஞாபகம் வந்தது, வாங்கிவிட்டேன். அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்காதே, பார்சல் கனக்கும் என்று எடுத்துவிட்டேன். பாட்டெல்லாம் கடைக்காரரே ஏற்றிக் கொடுத்தது. உனக்குப் பிடிக்குமோ என்னவோ.

கூட இருப்பது என் கைவேலை. பெரியவரின் ஸ்டீரியோவுக்குக் கேசட்டை விழுங்கத்தான் தெரியும், இந்த மாதிரிப் பெட்டியை எங்கே செருகுவது? அதனால் அதை ஏமாற்றியிருக்கிறேன். பழைய கேசட் ஒன்றின் நாடாவை உருவி எறிந்துவிட்டு, வயிற்றுக்குள் ஒரு டேப் ஹெட்டை வைத்து, ஒயரைப் பற்றவைத்து வெளியே இழுத்துவிட்டேன். வால் முளைத்த கேசட். வால் வலது பக்கம் வரும்படி உள்ளே தள்ளு. வாலின் நுனியைப் பாட்டுப் பெட்டியின் ஓட்டையில் குத்து. பெட்டியில் சத்தத்தை முக்கால் அளவு வைத்துக்கொண்டு, மீதியை ஸ்டீரியோவில் கூட்டு. சடக் சடக் என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தால் பதறாதே, அம்புக்குறி போட்ட பட்டனை ஒருமுறை அழுத்து.

இங்கே கார் சர்வீஸ் நிலையத்தின் ஆடியோ பிரிவில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. போன் மேற்பார்வையாளர் மேஜையில் மட்டும்தான், அதனால் கடிதமே போடு. பாடியதா இல்லையா என்று முதல் வரியிலேயே எழுது.

நீ வைத்த பேருக்கு இன்னும் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ளும்,
திருப்புளி


மார்ச் 2
(தபாலில் சேர்க்காதது)

திருப்புளி,

எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. பெரியவரை விற்றுவிட்டேன்.

அப்பாடா, எழுதிவிட்டேன். நான் வேலை பார்க்கிற பல் டாக்டரின் டோக்கன் சீட்டுக்குப் பின்னால், மதிய இடைவேளையில், யாரும் பார்க்காமல் எழுதுகிறேன். இதை நான் அனுப்பப் போவதில்லை. கை பழகட்டும் என்றுதான் எழுதிப் பார்க்கிறேன்.

ஆறு மாதம் ஆகிறது. கஷ்டம் வந்து விற்றேன் என்று எழுத ஆசைதான். அப்படி ஒரு கஷ்டமும் வரவில்லை. இந்த அடுக்குமாடிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு மானம் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கீழே வரிசையாகப் பளபளவென்று வண்டிகள். நடுவில் பெரியவர், ஒரு கதவு ஒரு நிறம், அடியில் எண்ணெய்க் கறை. நான் அட்டை விரித்து வைத்தேன். அட்டையும் நனைந்தது. ஒருநாள் முன் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். "எண்ணெய் ஒழுகும் வாகனத்தின் உரிமையாளர் கவனத்துக்கு." எதிர் வீட்டம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் கூடச் சிரித்துவிட்டு, யாருடைய வண்டியோ மாதிரி லிஃப்டுக்குள் போய்விட்டேன்.

அப்புறம் குட்டி. பள்ளிக்கூட வாசலுக்கு முன்னாலேயே, "அம்மா, அடுத்த தெருவுல எறக்கி விட்டுடு, நான் நடந்து போயிக்கிறேன்" என்றாள். நீயாக இருந்தால் காதைத் திருகியிருப்பாய். நான் உடனே பிரேக் போட்டேன். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது.

நாலு தெரு தள்ளி இருக்கிற ஒரு பிளம்பர் வாங்கிக்கொண்டார். வந்த பணம் உறையோடு பீரோவில் உன் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. தொட மனசு வரவில்லை. "எழுதிடு, எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்று அத்தான் கேட்கிறார். லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு எல்லாமே ஒரு பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.

நீ ஒயரைப் பற்றவைத்து, வாலுக்கு நுனியில் துணி நாடா சுற்றி அனுப்பியிருக்கிறாய். எந்த வாய்க்குள் இதைத் தள்ளுவது?

அக்கா


மார்ச் 4

அன்புள்ள திருப்புளிக்கு,

நாங்கள் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் கவலை. பார்சல் பத்திரமாக வந்தது.

நீ கேட்டபடி முதல் வரி: பாடுகிறது! வாலை வலது பக்கம் வைத்துத் தள்ளினேன், டபக்கென்று விழுங்கிக்கொண்டது. இரண்டு பக்கக் கதவிலிருந்தும் கணீர் கணீர் என்று சத்தம். குட்டி ஒரே ஆட்டம். அத்தான்கூடத் தலையை ஆட்டினார், அவர் தலை ஆடினால் பூமியே ஆடின மாதிரி. உன் கைக்கு ஒரு காப்புதான் போட வேண்டும்.

பெரியவர் சுகம். முன்னைப்போல அதிகம் வெளியே எடுப்பதில்லை.

கிளினிக்கில் கூட்டம் கூப்பிடுகிறது, அதனால் இத்தோடு முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. எனக்கு லேசாகத் தண்ணீர்ச் சளி, வேறொன்றும் இல்லை.

ஆனால் நீ என்ன மாயக்காரியா? உன் கடிதத்தைப் படித்ததும்தான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில், முன்பக்கக் கம்பியில், மஞ்சள் நாடா சுற்றி ஒரு குட்டி சுவிட்ச் வைத்திருக்கிறேன். அதைப் போட்டால்தான் ஸ்டீரியோவுக்கு உயிர் வரும். திருடன் எவனாவது கை வைத்தால், செத்த ஸ்டீரியோ என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று செய்த ஏற்பாடு. கிளம்புகிற அன்று அதை அணைத்தேன். உனக்குச் சொல்ல மறந்தே போனேன். என்னைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாத சுவிட்சைப் போடாமல் பெரியவர் எப்படிப் பாடினார்?

இன்னொன்று. இரண்டு கதவிலிருந்தும் கணீர் என்று எழுதியிருக்கிறாய். இடது கதவில் வலை மட்டும்தான் அக்கா இருக்கிறது. ஸ்பீக்கரை ரிப்பேருக்கென்று கழற்றிக்கொண்டு போனவன், திரும்ப மாட்டவே இல்லை.

பரவாயில்லை, உனக்கு நேரம் கிடைக்கும்போது கீழே குனிந்து அந்த சுவிட்சைத் தேடிப் பார். பாட்டுப் பெட்டியை வண்டியிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு பாட விடாதே. விட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஙொய்யென்று ஒரு சத்தம் கூடவே ஏறும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

எனக்கு ஒன்றும் கோபமில்லை. கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

திருப்புளி


ஏப்ரல் 21

அன்புள்ள திருப்புளிக்கு,

சளி விட்டதா? வெந்நீர் குடி, சொன்னால் கேள்.

சரிடா, பிடிபட்டேன். நான் போட்டுப் பார்க்கவே இல்லை. நீ ஆசையாக அனுப்பியிருக்கிறாய், வருத்தப்படக் கூடாதே என்று வாய் கூசாமல் கதை விட்டுவிட்டேன். இந்த வயசில் உன்னிடம் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும் என்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நிஜமாகவே செய்தேன். உதவிக்கு ஒரு பிளம்பர் அண்ணன் இருந்தார். முதலில் பின் சீட்டிலிருந்த பைப்பையெல்லாம் இறக்கினோம். அப்புறம் நான் கால் இரண்டும் வெளியே, தலை சீட்டுக்கு அடியில் என்று கவிழ்ந்து படுத்துத் தேடினேன். ஒரு சீப்பு, நாலு திருகாணி, நீ தொலைத்ததாக வீட்டையே புரட்டிப் போட்ட அந்தப் பேனா எல்லாம் கிடைத்தன. கடைசியில் மஞ்சள் நாடாவும் கைக்குத் தட்டுப்பட்டது. போட்டேன். ஸ்டீரியோவில் பச்சை விளக்கு எரிந்தது.

"அட, இத்தன நாளா இது ஊமைன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!" என்று பிளம்பர் அண்ணன் கையைத் தட்டினார். வாலைத் தள்ளினேன். சடக் சடக். அம்புக்குறியை அழுத்தினேன். பாட்டு வந்ததுடா! வலது கதவிலிருந்து மட்டும்தான் வந்தது, ஆனால் நெஞ்சுக்குள்ளேயே பாடுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பைப் பசை வாடைம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் எரியும்" என்றார் அவர்.

கிளப்பி ஒரு சுற்றும் போனோம். நீ சொன்ன ஙொய் வந்தது, பிடுங்கினேன், நின்றது.

இனிமேல்தான் விஷயம். நாங்கள் நிறுத்தாமல் ஓட விட்டதில் பாட்டெல்லாம் முடிந்து கடைசியில் ஒரு பேச்சு வந்தது. ஒரு சின்னப் பெண் ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்கிறாள். ஏழெட்டில் வந்து நிற்கிறாள். "நாப்பத்தெட்டு?" என்கிறாள். ஒரு பொம்பளைக் குரல், "நல்லா யோசி. சிக்னல் பச்சை ஆகறதுக்குள்ள சொல்லணும்" என்கிறது. "அப்ப சிக்னல் செவப்பாவே இருக்கட்டும்மா" என்கிறது குழந்தை. அந்த அம்மா சிரிக்கிறாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

யாருடா அவர்கள்? கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த பாட்டில் யாருடைய குழந்தையும் வாய்ப்பாடு சொல்லாது. எனக்கு மனசில் ஒன்று படுகிறது, நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

அக்கா


மே 28

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு என்னவோ ஏதோ என்று ஐந்து வாரமாகக் கவலை. நான் வேலை முடிந்து வந்தால் முதலில் தபால் பெட்டியைத்தான் திறக்கிறேன். மின்சார பில்லும் விளம்பரத்தாளும்தான் இருக்கின்றன.

நீ பதில் போடாததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே உனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, இல்லையா? யாரென்று கேட்கவில்லை. ஏன் மறைத்தாய் என்றுதான் வலிக்கிறது. நான் என்ன உன்னைக் கடித்தா தின்றுவிடுவேன்? கூடப் பிறந்தவளிடம் இப்படியா மூடி மூடி வைப்பது? உனக்கு வெட்கமாக இல்லையா என்று நேற்று ஒரு கடிதம் எழுதினேன். அந்த வரிக்குக் கீழே பேனா ஓடவில்லை. யார் யாரைக் கேட்பது என்று தோன்றிவிட்டது. அந்தக் கதை பிறகு.

குழந்தைக்கு ஒரு சட்டை தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அளவுக்கு எங்கே போவது? குரலை வைத்துக் குத்துமதிப்பாக ஏழு வயது என்று வெட்டினேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறவளுக்கு ஏழு வயதாவது இருக்காதா? பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள்ளச் சொல். அவள் அம்மாவுக்கு, நான் கோபக்காரி இல்லை என்றும் சொல். குட்டிக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்றதும், "ஏழெட்டு அம்பத்தாறுன்னு நான் சொல்லித் தர்றேன்" என்று குதிக்கிறாள்.

ஒரு வரி போடு. திட்ட மாட்டேன்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

சட்டை வந்தது. இளநீலம், கழுத்தில் சின்னச் சின்ன மடிப்பு. பத்து நாளாகத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். எனக்குக் குடும்பம் இல்லை. குழந்தை இல்லை. இருக்கிறது என்று எழுதிவிடலாமா என்றுகூட இரண்டு நாள் யோசித்தேன், அந்த அளவுக்குக் கீழே போய்விட்டேன்.

ஆடியோ பிரிவும் இல்லை. வந்த முதல் வாரமே ஒரு புது வண்டியின் ஸ்டீரியோவை என் முன்னால் வைத்தார்கள். உள்ளே பற்றவைக்க ஒரு இடம் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். நான் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் கார் கழுவும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருஷமாகக் கார்தான் கழுவுகிறேன். நான் எழுதின தண்ணீர்ச் சளி அங்கே வந்ததுதான்.

அந்தப் பாட்டுப் பெட்டி ஒரு காரின் முன் சீட்டுக்கு அடியில் கிடந்தது. தூசி உறிஞ்சும்போது குழாயில் மாட்டியது. இப்படிக் கிடைப்பதைப் போடுவதற்கென்றே மேற்பார்வையாளர் மேஜையில் ஒரு தட்டு இருக்கிறது. ஈரக் கையோடு போக வேண்டாம், பிறகு வைக்கலாம் என்று சட்டைப் பைக்குள் போட்டேன். அதற்கு மேல் அந்தக் கை வெளியே வரவே இல்லை. அக்காவுக்கு அனுப்பினால், நான் இங்கே என்னவோ ஆகிவிட்டேன் என்று நீ நினைப்பாய் என்று தோன்றியது. ஒயர் பற்றவைக்கும் இரும்பை இரவல் வாங்கி வால் கேசட் செய்தேன். நான் இங்கே வந்து செய்த ஒரே மெக்கானிக் வேலை அதுதான்.

பார்சல் போட்ட அன்று சாயங்காலம் காருக்குச் சொந்தக்கார அம்மா வந்தார். "பொட்டி போனாப் போகுது, அதுல என் பொண்ணு குரல் இருக்கு" என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது புரியவில்லை. நான் ரெண்டு பாட்டுக்கு மேல் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் வேலை செய்தது நானும் இன்னொருவரும். வயதானவர், தினமும் பேப்பரை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவதால் வாத்தியார் என்று கூப்பிடுவோம். இரண்டு பேரையும் நிற்க வைத்து விசாரித்தார்கள். நாங்கள் தங்கும் அறையில் அவர் படுக்கையைப் புரட்டினார்கள், பெட்டியைக் கொட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை, அதனாலேயே அவர்தான் என்று முடிவு கட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறாராம்.

திருடனுக்குப் பயந்து சுவிட்ச் வைத்தவன் நான். எழுதும்போதே கூசுகிறது.

பாட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் குழந்தையின் குரலை அழித்துவிடாதே.

தம்பி


ஜூலை 6

தம்பி,

பெட்டியைப் பஞ்சு சுற்றி, டப்பாவுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பேச்சு அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அந்த வாத்தியார் எதிர்த்துப் பேசத் தெரியாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் வருகிறது. உன்னைக் கூப்பிட்டுக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று எழுந்தேன். அப்புறம் எந்த முகத்தோடு என்று உட்கார்ந்துவிட்டேன். இத்தோடு ஒரு டோக்கன் சீட்டு வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் எழுதியது. முதலில் அதைப் படித்துவிட்டு வா.

படித்துவிட்டாயா? ஆமாம், பெரியவர் பிளம்பர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பைப்பெல்லாம் அவருடையது. நான் போய், "என் பழைய மூக்குக்கண்ணாடி சீட்டுக்கு அடியில விழுந்திருக்கும், தேடிக்கட்டுமா?" என்று பொய் சொல்லித்தான் உன் சுவிட்சைத் தேடினேன். அதற்குப் பிறகும் இரண்டு ஞாயிறு ஏதாவது சாக்கு சொல்லிப் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன். உன் வேலை வீணாகக் கூடாது என்று ஒரு பைத்தியக்காரத்தனம்.

பாட்டுப் பெட்டி உன்னுடையது இல்லை. வண்டி என்னுடையது இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நாம் ஐந்து மாதம் கடிதம் எழுதியிருக்கிறோம், ஙொய் சத்தம் வரை அலசியிருக்கிறோம்! அத்தானிடம் சொன்னேன். சிரிக்கப் போகிறார் என்று பார்த்தால், "ரெண்டு பேரும் ஒரே அச்சு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நேற்று பிளம்பர் அண்ணனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வண்டி தம்பியுடையது, வெட்கப்பட்டு விற்றேன், கண்ணாடி எதுவும் விழவில்லை என்று எல்லாவற்றையும். உன் பக்கத்துக் கதையை மட்டும் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. அவர் குழாய் முனையில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டார். "அதானேம்மா, ஒயரும் கையுமா வந்து நிக்கறீங்களேன்னு பார்த்தேன். எங்க வீட்டுல வேற கேக்க ஆரம்பிச்சுட்டா" என்றார். அப்புறம், "இந்த வண்டில வெட்கப்பட என்ன இருக்கு?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

குட்டியிடமும் சொன்னேன். "நான்தானே அடுத்த தெருவுல எறக்கி விடச் சொன்னேன்" என்று அழுதாள். நீ சொன்னது சின்னப் பிள்ளை பேச்சு, அதைக் கேட்டு நடந்தது நான்தான் என்றேன்.

வால் கேசட்டை மட்டும் அனுப்பவில்லை. அது பெரியவர் வாயில் இருக்கிறது. அது யாரிடமும் எடுத்தது இல்லையே, உன் கையால் செய்தது. இருக்கட்டும்.

சாப்பிடு. பெட்டி கைக்கு வந்ததும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து தூக்கம் வருகிறது. நீங்களெல்லாம் எப்படி இருக்கிறீர்கள்? பெரியவர் எப்படி என்று கேட்கலாம்தானே? யார் வீட்டில் இருந்தால் என்ன.

மார்ச் மாதமே எனக்குத் தெரியும் அக்கா. இல்லாத ஸ்பீக்கர் கணீர் என்று பாடி, பெரியவரைப் பற்றி நீ இரண்டே வரியில் நழுவியபோதே, வண்டி உன்னிடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அழுத்திக் கேட்க எனக்கு வாய் ஏது?

பெட்டி வந்த மறுநாள் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சனிக்கிழமை அந்த அம்மாவை வரச் சொன்னார்கள். ஈர பூட்ஸோடு போய் நின்று, "நான்தாங்க எடுத்தேன்" என்றேன். இரண்டே வார்த்தை, இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. அந்த அம்மா பெட்டியை வாங்கித் தன் காரில் செருகினார். அந்தக் காருக்கு வால் கேசட்டெல்லாம் வேண்டாம், குத்துவதற்கே ஒரு ஓட்டை இருக்கிறது. கடைசிக்குப் போய்ப் பாட விட்டார். பின் சீட்டில் இருந்த குழந்தை தன் குரலைக் கேட்டதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது. "ஐயோ அம்மா, நிறுத்து, அப்ப எனக்கு ஏழெட்டு தெரியாது!" என்று கத்தியது. அந்த அம்மா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வாத்தியாரைத் தேடிக் கிடங்குக்குப் போனேன். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "என் படுக்கையப் புரட்டினப்ப நீ பக்கத்துலதான நின்னே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள், என் கட்டிலுக்கு மேல் கட்டில்தான். பேப்பர் படிக்கிறார், என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கும் உரிமை இல்லை.

என்னை மாதக் கடைசியோடு அனுப்புகிறார்கள். ஊருக்கு வருகிறேன். சொல்லிக்கொள்ள ஒரு வேலையும் இல்லை, கையில் கொண்டு வர ஒரு பொருளும் இல்லை, நீ தைத்த சட்டையைத் தவிர. அதைக் குழந்தையிடம் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிளம்பர் அண்ணன் வீட்டில் அந்த அளவில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து வை.

உன் டோக்கன் சீட்டைப் பத்து தடவை படித்தேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேனே, அன்று வாசல் முழுக்கப் பளபளவென்று வண்டிகள். நான் பெரியவரை ஒரு தெரு தள்ளி, ஒரு லாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து போனேன். எதில் வந்தாய் என்று கேட்டார்கள். பஸ்ஸில் என்றேன். குட்டியிடம் இதைச் சொல்.

முப்பத்தொன்றாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். பெரியவரை ஒரு மணி நேரம் இரவல் தருவாரா என்று பிளம்பர் அண்ணனிடம் கேட்டுப் பார். பைப் இருந்தால் இருக்கட்டும், மடியில் வைத்துக்கொள்கிறேன். ஸ்டேஷனில் நல்ல நல்ல காராக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஒதுக்கிவிடாதே அக்கா. வாசலிலேயே நிறுத்து. நான் எல்லாரும் பார்க்க வந்து ஏறிக்கொள்கிறேன்.

உன் தம்பி